எராஸ்மஸ் பிளஸ் மாணவர் பரிமாற்றம்: நம் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகுமா?

தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய கல்லூரி எதற்குப் போனாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் படங்கள் வரவேற்பறைச் சுவரில் வரிசையாகத் தொங்கும். இரண்டு கொடி, ஒரு பூங்கொத்து, கைகுலுக்கல். அந்த ஒப்பந்தங்களால் போன வருடம் எத்தனை பேர் இங்கிருந்து போனார்கள், எத்தனை பேர் அங்கிருந்து வந்தார்கள், போனவர்கள் அங்கே படித்த பாடம் இங்கே மார்க் ஷீட்டில் ஏறியதா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு உறவை அளக்க இந்த மூன்று கேள்விகளே போதும். மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராமல் நகரவே முடியாதபடி அமைத்திருப்பதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் சிறப்பு. அதில் நம் கல்லூரிகளுக்குப் பொருந்துகிற பகுதியை மட்டும் இங்கே எடை போடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரம் உள்ள பல்கலைக்கழகத்துக்கும் தன்னாட்சிக் கல்லூரிக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி, தாய்ப் பல்கலைக்கழகத்தின் சம்மதம் கையில் இல்லாமல் இதில் இறங்கினால் சேதாரம் மாணவருக்குத்தான். காரணம் பின்னால் வருகிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

எராஸ்மஸ் 1987இல் 11 நாடுகள், 3,244 மாணவர்கள் என்று தொடங்கியது. 2014இல் எராஸ்மஸ் பிளஸ் ஆனது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களோடு செமஸ்டர் பரிமாற்றம் செய்யும் வசதி 2015இல் வந்தது. 2021 முதல் 2027 வரைக்குமான மொத்த ஒதுக்கீடு ஏறத்தாழ 2,620 கோடி யூரோ. அதில் ஐரோப்பாவுக்கு வெளியே போவது சிறு பங்குதான்.

ஒரே பெயரில் பல கடைகள் திறந்திருப்பதால் குழப்பம் சகஜம். நம் ஊரில் எராஸ்மஸ் என்றாலே பெரும்பாலோர் நினைப்பது எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்பை. அதில் மாணவர் தானே நேரடியாக விண்ணப்பிப்பார். தேர்வானால் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். அருமையான உதவித்தொகை. ஆனால் அவர் இளங்கலை படித்த கல்லூரிக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது, ஒரு பலனும் கிடையாது. பழைய மாணவர் பட்டியலில் ஒரு பெயர் கூடும், அவ்வளவுதான். பல்கலைக்கழகமும் பல்கலைக்கழகமும் கைகோப்பது வேறு பிரிவு. அதன் குறியீடு கேஏ171. இங்கே படிக்கிற மாணவர் 2 மாதம் முதல் 12 மாதம் வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அந்தக் கிரெடிட்டோடு திரும்பி வந்து இங்கேயே பட்டம் வாங்குவார். ஆசிரியரும் அலுவலகப் பணியாளரும் 5 நாள் முதல் 2 மாதம் வரை போய்வரலாம்.

செலவு யாருக்கு?

சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. இங்கிருந்து போகும் மாணவருக்கு, போகிற நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை கிடைக்கும். பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்துத் தனித்தொகை. பொருளாதார நிலையோ உடல் குறைபாடோ காரணமாக வாய்ப்புக் குறைந்தவர் என்று ஏற்கப்பட்டால் மாதம் 250 யூரோ கூடுதல். அங்கே படிப்புக் கட்டணம், பதிவு, தேர்வு, ஆய்வகம், நூலகம் எதற்கும் காசு வாங்கக் கூடாது. காப்பீடு, மாணவர் சங்கம், நகலெடுப்பு போன்ற சில்லறைச் செலவுகளை மட்டும், உள்ளூர் மாணவரிடம் வாங்குகிற அளவுக்கு வாங்கலாம். இங்கே கட்டவேண்டிய செமஸ்டர் ஃபீஸை நம் கல்லூரி வழக்கம்போல வாங்கிக்கொள்ளலாம் என்பதால் வருமான இழப்பும் இல்லை.

பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பயணிக்கும் 500 யூரோ வீதம் நிர்வாகச் செலவுக்கென்று திட்டமே கொடுக்கிறது. அது ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போகிறது. நம் தரப்புக்கு எவ்வளவு என்பது இரண்டு பேரும் பேசி முடிவு செய்வது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் அந்தப் பணத்தை மறந்துவிடலாம். பத்து பேர் போய்வந்தால் 5,000 யூரோ. அதில் பாதி வந்தாலே வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்கு ஒரு பகுதிநேர ஊழியரை வைத்துக்கொள்ளலாம்.

குறைகளில் பெரியது இது: விண்ணப்பிக்கும் உரிமை நமக்கு இல்லை. எராஸ்மஸ் சாசனம் (திட்டத்தில் பங்கேற்பதற்கான அங்கீகாரம்) பெற்ற ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான் தன் நாட்டு எராஸ்மஸ் முகமையிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாம் கூட்டாளி மட்டுமே. எந்த நாட்டைச் சேர்க்கலாம், எத்தனை இடம் கேட்கலாம் என்ற பேச்சில் நம் குரல் எடுபடுவது, விண்ணப்பம் எழுதுகிற நேரத்தில் நாம் கூட இருந்து தகவல் கொடுத்தால்தான். அழைப்பு நவம்பர் வாக்கில் வெளியாகும், கடைசித் தேதி பிப்ரவரியில் விழும், திட்டம் ஆகஸ்ட் 1 அன்று தொடங்கும். முதல் மாணவர் விமானம் ஏறுவது அதற்கடுத்த ஜனவரியில். ஆக இந்தச் செப்டம்பரில் பேச்சைத் தொடங்கினால் அடுத்த வருடம் முழுவதும் காகித வேலைதான். ஆள் நகர 16 மாதம் ஆகும். பிப்ரவரி முதல் வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பி 'எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கிறவர்களுக்கு மரியாதையான மறுப்புக் கடிதம் வரும்.

ஐரோப்பியத் தரப்பு அந்த நேரத்தில் நம்மிடம் எதிர்பார்ப்பது அழகான கையேட்டை அல்ல. எந்தத் துறை, எந்த ஆண்டு மாணவர், எந்த செமஸ்டர், ஆங்கிலத்தில் நடக்கிற பாடங்கள் எவை, அங்கிருந்து வருகிறவருக்கு எங்கே தங்குமிடம், கிரெடிட்டை ஏற்றுக் கையெழுத்துப் போடுகிறவர் யார்: இந்த விவரம் இரண்டு பக்கத்தில் இருந்தால் போதும். கூடவே எராஸ்மஸ் பதிவேட்டில் நிறுவன அடையாள எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பதிந்து வாங்கிவிடலாம், கட்டணம் இல்லை.

உயிர்நாடி: கற்றல் உடன்படிக்கை

இந்தத் திட்டத்தின் மொத்தச் சாரமும் கற்றல் உடன்படிக்கை என்ற படிவத்தில் இருக்கிறது. மாணவர், அனுப்புகிற பல்கலைக்கழகம், ஏற்கிற பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் பயணத்துக்கு முன்பே கையெழுத்துப் போட வேண்டும். அட்டவணை ஏ: அங்கே படிக்கப்போகும் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஐரோப்பியக் கிரெடிட். அட்டவணை பி: அவற்றுக்கு ஈடாக இங்கே எந்தப் பாடங்கள் விடுபடும். பாடத்துக்குப் பாடம் நேருக்கு நேர் பொருந்த வேண்டியதில்லை. ஏ தொகுப்புக்குப் பி தொகுப்பு ஈடாக இருந்தால் சரி.

இந்த நேருக்கு நேர் விஷயத்தில்தான் நம் ஊரில் பரிமாற்றங்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. துறைத் தலைவர் இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யூனிட் யூனிட்டாக ஒப்பிட்டு, '70 சதவீதம்கூடப் பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்புவார். பொருந்தாதுதான். இங்கே கிடைக்கிற அதே பாடத்தைப் படிக்க எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? கட்டாயப் பாடம் ஒன்றிரண்டை மட்டும் கறாராகப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் துறைத் தேர்வுப் பாடம் (எலெக்டிவ்), திறந்த தேர்வுப் பாடம், மினி புராஜெக்ட் என்ற கூடைகளில் போடுவதுதான் வழி. ஆறாம் செமஸ்டரில் மூன்று தேர்வுப் பாடங்களாவது வருமாறு பாடத்திட்டத்தை அமைத்துவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். இதற்கு அகாடமிக் கவுன்சிலில் ஒரே ஒரு தீர்மானம் போதும்: கற்றல் உடன்படிக்கையில் இன்னார் கையெழுத்திட்டால் அது பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் என்று. அந்த 'இன்னார்' வெளிநாட்டுத் தொடர்பு அலுவலர் மட்டுமாக இருந்தால் பயனில்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். மார்க் ஷீட் அடிப்பது அவர் அலுவலகம்.

இணைப்புக் கல்லூரிகளை எச்சரித்தது இதனால்தான். அட்டவணை பியில் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போடலாம். ஆனால் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில். மாணவர் 30 கிரெடிட்டோடு திரும்பி வருவார், இங்கே ஆறாம் செமஸ்டர் முழுவதும் அரியராக நிற்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு பாடம் மாறுவது மிகச் சாதாரணம். ஆங்கிலத்தில் நடக்கும் என்று போட்டிருந்த பாடம் ஆள் சேராமல் ரத்தாகும். இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதும். அதற்கும் விதி இருக்கிறது: செமஸ்டர் தொடங்கிய 5 வாரத்துக்குள் மாற்றம் கேட்க வேண்டும், கேட்ட 2 வாரத்துக்குள் மூன்று தரப்பும் முடிவு சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அந்த 2 வாரத்தில் கோப்பு துறையிலிருந்து டீன் அலுவலகத்துக்கே நகர்ந்திருக்காது. அதனால் மாற்றத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தைத் துறை அளவில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் இந்தப் படிவத்தை இணையத்திலேயே முடித்துக்கொள்கின்றன. நமக்கு இன்னும் பெரும்பாலும் பிடிஎஃப்தான், மின்னஞ்சல்தான். கோப்பின் பெயரில் தேதி போடுகிற பழக்கம் இல்லாவிட்டால் எது கடைசிப் பிரதி என்பதிலேயே சண்டை வரும்.

கிரெடிட் கணக்கு

ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்.

இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. மணி நேரத்தை வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று தோன்றும். ஆண்டை வைத்துப் பார்த்தால் 60க்கு 40, அதாவது அங்கே மூன்று என்றால் இங்கே இரண்டு. ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்தால், 20 கிரெடிட் செமஸ்டருக்கு மாணவர் அங்கே 20 கிரெடிட் மட்டும் படித்தால் போதும் என்றாகிவிடும். ஏற்கிற பல்கலைக்கழகம் முழுநேர மாணவர் என்று 30 எதிர்பார்க்கும். அல்லது 30 படித்தவருக்கு 30 கிரெடிட் போட்டுவிட்டு, ஒரே செமஸ்டரில் இத்தனை எப்படி என்று ஆடிட்டில் கேள்வி வரும். எங்கள் பரிந்துரை ஆண்டு விகிதம்: 30க்கு 20. முழு செமஸ்டருக்கு முழு செமஸ்டர் என்பதே நேர்மையான மாற்று. இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மதிப்பெண் மாற்றம் இதைவிட வம்பு. பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. 14 எடுத்தால் 'நன்று', 16க்கு மேல் 'மிக நன்று'. அந்த 14ஐ நம் அலுவலகத்தில் கால்குலேட்டரில் தட்டி 70 சதவீதம் என்று எழுதினால், பல பல்கலைக்கழகங்களின் அளவுகோலில் பி பிளஸ்ஸில் போய் நிற்கும். வகுப்பின் மேல்வரிசையில் வந்த பிள்ளைக்கு இங்கே சிஜிபிஏ குறையும். இத்தாலியில் 30க்கு 18 தேர்ச்சி. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி, அதைத் தாண்டினால் தோல்வி. விவரம் தெரியாதவர் 1.7ஐப் பார்த்து ஃபெயில் என்று போட வாய்ப்புண்டு. நம் மதிப்பெண்ணை ஜெர்மன் முறைக்கு மாற்ற ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து வாங்கியதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுவது. பத்துக்கு 8, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். அதையே தலைகீழாகப் போட்டு அங்கிருந்து இங்கே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கையாளச் சுலபம், ஆனால் அங்கே எத்தனை பேருக்கு 1.3 கிடைக்கிறது, இங்கே எத்தனை பேருக்கு உச்சக் கிரேடான 'ஓ' கிடைக்கிறது என்பதை அது கண்டுகொள்ளாது.

எராஸ்மஸ் வழிகாட்டி சொல்வது மதிப்பெண் பரவல் அட்டவணையை. அந்தத் துறையில் தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்தக் கிரேடு வாங்கினார்கள் என்ற அட்டவணையை இரு பக்கமும் பரிமாறி, அங்கே மேல் 10 சதவீதத்தில் இருந்தவரை இங்கே மேல் 10 சதவீதக் கிரேடில் வைப்பது. நியாயமான முறை இதுவே. நம் தேர்வு அலுவலகங்களில் இதற்கான தரவு மொத்தமும் இருக்கிறது. எடுத்துத் தருகிறவர்தான் இல்லை. அதுவரைக்கும் சுலபமான வழி, வெளிநாட்டுக் கிரெடிட்டைக் கிரேடு போடாமல் தேர்ச்சி என்று மட்டும் மார்க் ஷீட்டில் ஏற்றி, சிஜிபிஏ கணக்கிலிருந்து விலக்குவது. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு இதைத்தான் சிபாரிசு செய்வோம். ரேங்க் எதிர்பார்க்கும் மாணவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நாட்காட்டி இடிக்கும் இடங்கள்

கூட்டாளி தேடும்போது தரவரிசைப் பட்டியலைப் பார்க்கிறார்கள். செமஸ்டர் தேதியைப் பார்ப்பது அதைவிட உபயோகம். ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை, கோடைக்கால வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை. இரண்டுமே நம் செமஸ்டர் எதோடும் ஒட்டாது: அக்டோபரில் போனால் இங்கே ஐந்தாம் செமஸ்டர் தேர்வு போச்சு, ஏப்ரலில் போனால் ஏழாம் செமஸ்டரும் பிளேஸ்மென்ட்டும் தொடங்குகிற நேரத்தில் பிள்ளை அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும். சுவீடனிலும் பின்லாந்திலும் வசந்தகால செமஸ்டர் ஜனவரியில் தொடங்கி மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. பொறியியல் மாணவரின் ஆறாம் செமஸ்டருக்கு அச்சாகப் பொருந்தும். பிரான்சும் பெரும்பாலும் ஒத்துவரும். ஜெர்மனிதான் வேண்டும் என்றால் வகுப்புக்கு அனுப்பாமல், ஆய்வகப் புராஜெக்ட்டாகவோ முனைவர் பட்ட மாணவரின் ஆய்வுப் பயணமாகவோ திட்டமிடுங்கள். அதற்கு வகுப்பு அட்டவணை தடையாக இராது.

கடைசி செமஸ்டரில் மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே தேர்வு முடிவு வந்து 5 வாரத்துக்குள் மதிப்பெண் சான்று தர வேண்டும் என்பது விதி. முடிவு வெளியாவதே தாமதமானால், இங்கே பட்டச் சான்றிதழும் வேலையில் சேரும் தேதியும் சேர்ந்து தள்ளிப்போகும்.

பணம், விசா, முதல் மாதம்

மாதம் 900 யூரோ என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும். ஆனால் பல இடங்களில் மாணவர் நேரில் போய்ச் சேர்ந்து, வங்கிக் கணக்குத் திறந்த பிறகே முதல் தவணை வருகிறது. அதற்குள் விமான டிக்கெட், விசாக் கட்டணம், காப்பீடு, அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் கைக்காசு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போய்வருகிற திட்டமாக இது சுருங்குவது இதனால்தான். மார்க் காரணம் இல்லை. ஒரு மாணவருக்கு இரண்டு மாத உதவித்தொகை அளவுக்குச் சுழல்நிதி ஒன்றைப் பல்கலைக்கழகம் ஒதுக்கி, முன்பணமாகக் கொடுத்து, தவணை வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். முன்னாள் மாணவர் சங்கத்திடம் கட்டடம் கட்டக் கேட்பதற்குப் பதில் இதற்குக் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 ஜூலை வழிகாட்டுதல்கள் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தோடு முன்னாள் மாணவர் தொடர்புப் பிரிவையும் அமைக்கச் சொல்கின்றன. அந்தப் பிரிவுக்கு இதைவிட உருப்படியான வேலை கிடைக்காது.

ஜெர்மன் விசாவுக்கு 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ காட்ட வேண்டும். எராஸ்மஸ் தொகை உச்சமே 900. மீதி 92 யூரோவுக்கு எங்கே ஆதாரம் என்ற கேள்வி வரலாம். பெற்றோரின் வங்கிக் கணக்கோ பல்கலைக்கழகத்தின் கூடுதல் உதவிக் கடிதமோ தயாராக இருக்கட்டும். உதவித்தொகைக் கடிதத்தில் மாதத் தொகை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி மூன்றும் தெளிவாக இல்லாவிட்டால் விசா மனு திரும்பும். தொகை நாள்கணக்கில் போடப்படுகிறது, மாதத்துக்கு 30 நாள் வீதம். தேர்வு முடிந்ததும் பத்து நாள் முன்னதாக ஊர் திரும்பினால் அந்தப் பத்து நாள் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கிளம்பும் முன் வருகைச் சான்றில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மாணவரின் பொறுப்பு.

வருகிறவர்கள்

ஐரோப்பிய மாணவரை இங்கே வரவைக்க இன்னொரு வாசல் உண்டு. ஐரோப்பாவுக்குள்ளான பரிமாற்றத்துக்குக் கொடுக்கும் கேஏ131 நிதியில் 20 சதவீதம் வரை வெளிநாடுகளுக்கு மாணவரை அனுப்பப் பயன்படுத்தலாம். மாதம் 700 யூரோ. சென்னையிலோ கோவையிலோ அது தாராளம். கேஏ171 கிடைக்காத கூட்டாளியிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் ஞாபகம் வரும்.

காகித வேலை கடினமில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் ஹாஸ்டல் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு. வார்டனுக்கு அந்த இணையதளத்தின் கடவுச்சொல் தெரியாமல் போவதுதான் வழக்கமான சிக்கல். ஞாயிறு விடியற்காலை வந்திறங்குகிறவருக்காக அதைச் சனிக்கிழமையே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடினமானது அதற்குப் பிறகு. வெளிநாட்டு மாணவரைத் தனிக் கட்டடத்தில், ஏசி அறையில், தனிச் சாப்பாட்டோடு வைப்பது நம் விருந்தோம்பல். செமஸ்டர் முழுவதும் அவர் பேசுவது தன்னோடு வந்த இன்னொருவரிடம் மட்டுமே. வகுப்பில் உள்ளூர் மாணவரோடு உட்காரவைத்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிடவைத்து, புராஜெக்ட் குழுவில் கலந்துபோட்டால்தான் பல்கலைக்கழகத்துக்கே ஏதாவது மிஞ்சும். பெண்கள் ஹாஸ்டலில் இரவு வாசல் மூடும் நேரத்தை வருகைக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வந்தபின் தெரியவந்தால் முதல் வாரமே மனக்கசப்பு. ஐரோப்பாவில் எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பின் கிளைகள் நடத்துகிற துணைவர் முறையை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம்: வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உள்ளூர் மாணவர், கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் அறிமுகம். சிம் கார்டு, வங்கி, யுபிஐ மட்டுமே வாங்குகிற கேண்டீன் என எல்லாவற்றையும் அந்தத் துணைவரே தீர்த்துவைப்பார். அடுத்த வருடம் அங்கே போகப்போகிற மாணவரையே துணைவராகப் போட்டால் இரட்டை லாபம்.

ஆசிரியர் பயணம்: பாதி மார்க்

ஐந்து நாள், வாரத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது விதி. மாணவர் பயணத்தைவிடச் செலவு குறைவு, தயாரிப்பும் குறைவு. அதனாலேயே சுற்றுலாவாக மாறும் ஆபத்தும் அதிகம். முதல் இடத்தைத் துணைவேந்தருக்கோ செயலருக்கோ கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, பாட ஒப்பீடு செய்கிற துறைத் தலைவரையும் தேர்வு அலுவலகத்தின் துணைப் பதிவாளரையும் அனுப்புங்கள். அலுவலகப் பணியாளருக்கும் பயிற்சிப் பயணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் துணைப் பதிவாளர் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் தேர்வு அலுவலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால், பிரெஞ்சு 14ஐ 70 சதவீதம் என்று எழுத அவர் கை வராது.

வேறு வழிகள்?

பிரிட்டன் எராஸ்மஸை விட்டு விலகியபின் 2021இல் தொடங்கிய டூரிங் திட்டம் தன் நாட்டு மாணவரை வெளியே அனுப்ப மட்டுமே. நம் மாணவருக்கு அதில் காசு இல்லை. இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம், ட்வின்னிங் (படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிப்பது) ஆகியவற்றுக்கு மானியக் குழுவின் 2022 விதிகள் வழிவிடுகின்றன. ஆனால் நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் மதிப்பெண் 3.01 அல்லது என்ஐஆர்எஃப் என்ற தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 போன்ற தகுதி வேண்டும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் உலகத் தரவரிசையில் முதல் 1,000க்குள் இருக்க வேண்டும். செமஸ்டர் பரிமாற்றத்துக்கு அந்த வரம்புகள் இல்லை. பரிமாற்றத்தில் கிரெடிட்டை ஒழுங்காக ஏற்றிப் பழகாத பல்கலைக்கழகம் நேராக இரட்டைப் பட்டத்துக்குத் தாவுவது, ஓட்டுநர் உரிமம் வாங்காமல் பேருந்து வாங்குவது மாதிரி.

தொடங்குகிறவர்களுக்கு அளவு: ஒரே ஒரு கூட்டாளி, ஒரே துறை, போக 3 மாணவர், வர 2 மாணவர், இரு பக்கமும் ஒரு பணியாளர். கூட்டாளியின் வசந்தகால செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அகாடமிக் கவுன்சில் தீர்மானம், கிரெடிட் விகிதம், நிர்வாகத் தொகைப் பங்கீடு மூன்றையும் எழுத்தில் முடித்துவிட்டு, அக்டோபருக்குள் அந்த இரண்டு பக்க விவரத்தை அனுப்புங்கள். பூங்கொத்துப் படத்தை முதல் மாணவரின் மார்க் ஷீட் அச்சான பிறகு எடுத்துக்கொள்ளலாம்.